தூதனே வந்துவிட்டால் தாவீது சுந்தரானந்தத்துக்கு என்ன வேலை?

சுரண்டை வாசகர் ஒருவரின் கேள்வி
2024 ஏப்ரல் 28, மாலை 6.10

என் மகளுக்குப் பதினைந்து வயது நடக்கிறது. பெரிய லீவு விட்டதிலிருந்து ஆங்கிலத்தில் கிறிஸ்தவ ஃபேன்டசி நாவல்களாகவே வாசிக்கிறாள். எல்லாம் சரித்திரக் கதைகள். ரோமாபுரிச் சிறை, சிலுவைப் போர், பழைய மடங்கள். நடுவில் ஒரு வாள் பேசுகிறது. ஒரு தேவதூதன் குதிரையில் வந்து எதிரிப் படையைச் சிதறடிக்கிறான். சரித்திரம் என்றால் நடந்தது. வேதம் என்றால் சத்தியம். இரண்டிலும் கற்பனையைக் கலந்தால் எது மெய், எது கட்டுக்கதை என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும். விசுவாசக் குடும்பத்துக்கு இது ஆகாது என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

ஏப்ரல் 28, இரவு 9.40

மறுக்கிறேன், அண்ணாச்சி. புத்தகத்தைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள்.

கிறிஸ்தவர்கள் மாயக்கதை எழுதுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1827-ல் நம் திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஊறிய வைணவ வீட்டுப் பிள்ளை. 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட மோட்சப் பயணக் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கி, ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்று 1894-ல் தந்தார். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம். பனியனின் கதையில் என்னவெல்லாம் இருக்கிறது? உடம்பெல்லாம் செதிள் கொண்ட அப்பொல்லியோனோடு வாள்சண்டை, சந்தேகக் கோட்டையில் ஓர் அரக்கன், பாதையின் இரு பக்கமும் சங்கிலியில் கட்டிய சிங்கங்கள். இந்தக் கதையைக் கம்பன் வழியில் பாடியவரைத்தான் கிறிஸ்தவக் கம்பர் என்று கொண்டாடுகிறோம். அவருடைய பாடல்களைக் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறோம்.

அவருக்கும் முந்தியவர் வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். பெத்லகேம் குறவஞ்சியில் சீயோன் குமாரிக்குக் குறி சொல்ல ஒரு குறத்தி கூடையோடு வருகிறாள். குறத்தியை வேதத்துக்குள் கூட்டிவரலாமா என்று அவர் யாரிடமும் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

ஏப்ரல் 28, இரவு 11.25

படுத்த பிறகு தோன்றியது. மேலே நான் எழுதியது உங்கள் கேள்விக்கு முழுப் பதில் ஆகாது.

யாத்திரிகத்தில் ஆண்டு கிடையாது. அந்தப் பயணிக்கு ஊர்ப்பெயர் உண்டா, தாலுகா உண்டா, வரி கேட்டு வரும் சர்க்கார் ஆள் உண்டா? அது உருவகம். வாசிக்கிற யாரும் வரைபடத்தில் சந்தேகக் கோட்டையைத் தேடமாட்டார்கள். நீங்கள் கேட்பது சரித்திரத்துக்குள் மாயம் புகுவதைப் பற்றி. ஆண்டு என்று ஒன்றைப் போட்டுவிட்டால், அந்த ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் எல்லாம் சாட்சிக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. உங்கள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

மே 1, காலை 7.05

“நம் ஊரில் இப்படி ஒன்றுமே நடக்கவில்லையா அப்பா?” என்று மகள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்காகவே அந்தப் பிள்ளையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஏன் நடக்கவில்லை? 1542-ல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வருகிறார். தமிழ் தெரியாது. ஜெபங்களை யாரிடமோ தமிழில் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்கிறார். கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூப்பிடுகிறார். அந்த மணிச் சத்தத்துக்கு முதன்முதலில் வீட்டைவிட்டு வெளியே ஓடிவந்த பிள்ளை யார்? ஏட்டில் பெயர் இல்லை. அந்த இடத்தில் ஒரு நாவல் தொடங்கலாம். மணப்பாட்டுக் குகையில் ஒருமுறை நின்று பார்த்தால் போதும், கடல் இரைச்சல் மீதிக் கதையைச் சொல்லும்.

அவருக்குப் பின் புன்னைக்காயலில் இருந்து உழைத்த அண்டிரிக் அடிகளார். அவர் தமிழாக்கிய தம்பிரான் வணக்கம் என்ற நூல் 1578-ல் கொல்லத்தில் அச்சானது. அடியார் வரலாறு 1586-ல் வந்தது. தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்த காலம். ஓலையில் எழுத்தாணி கீறுவதைப் பார்த்து வளர்ந்த ஒரு பரதவர் வீட்டுச் சிறுமி, கவிழ்ந்து கிடக்கிற ஈய எழுத்துகளைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல எழுத்து திரும்பியிருக்கிறது. அவளுக்கு அது மந்திரம்தான்.

பிறகு தேவசகாயம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரி. 1741-ல் குளச்சலில் பிடிபட்ட டச்சுக் கேப்டன் டிலனாய் மூலம் விசுவாசத்துக்கு வந்தார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் புனிதர் பட்டம். அவர் முழங்கையால் இடித்ததும் தண்ணீர் சுரந்த பாறை புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது என்பது மக்கள் நம்பிக்கை. அவர் இறந்தபோது மணிபோல ஒலித்துக்கொண்டு ஒரு பாறை விழுந்தது என்பார்கள். அங்கே மாயத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஊராரே சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மே 1, மதியம் 1.30

திருத்தம். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊரைக் காலையில் தவறாக எழுதியிருந்தேன். அந்த வரியை எடுத்துவிட்டேன். 1745-ல் நம் வடக்கன்குளத்தில்தான் பெற்றார். சுட்டிக்காட்டிய வள்ளியூர் அக்காவுக்கு நன்றி. இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்: தேதியும் ஊரும் பிசகினால் பாறையிலிருந்து வந்த தண்ணீரையும் யாரும் நம்பமாட்டார்கள்.

மே 5, இரவு 10.15

இன்று நடந்ததை எழுதியே தீர வேண்டும்.

ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு பக்கமாக வாசிப்போம். இரண்டு ஆண்டுகளாக முதலூரைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் நோட்டு ஏரலில் தம்பி வீட்டில் இருந்தது, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு போய்விட்டது. நினைவிலிருந்து மறுபடி எழுதி, ஐந்தாம் அத்தியாயத்தை இன்று பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விஜயராமபுரத்தில் புதிதாக விசுவாசத்துக்கு வந்த மக்களைத் துன்புறுத்தி, ஜெபவீட்டையும் அழித்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், வேறு நிலம் வாங்கி, உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் 1799-ல் ஒரு ஊரைக் கட்டினார். நம் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று எழுந்த முதல் ஊர் என்பதால் முதலூர். இப்போது மஸ்கோத் அல்வாவால் பெயர் பெற்றிருக்கிறது. அன்றைக்குப் பனையும் செம்மணலும்தான்.

என் அத்தியாயத்தில் புது ஊருக்கு இரவில் தீப்பந்தங்களோடு ஆட்கள் வருகிறார்கள். பனையேறியின் மகள், பதினான்கு வயதுக்காரி, பதநீர் காய்ச்சுகிற குடிசையான விடிலிக்குள்ளிருந்து பார்க்கிறாள். இரண்டு பனைகளுக்கு நடுவில், பனை உயரத்துக்கே, ஒரு தேவதூதன் எழுந்து நிற்கிறான். பந்தங்கள் எல்லாம் ஒரே மூச்சில் அணைகின்றன. இதை எழுதிய இரவு நான் அழுதேன். அவ்வளவு பிடித்திருந்தது.

வாசித்து முடித்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கினான். “அக்கா, இதே தூதன் விஜயராமபுரத்துக்கு ஏன் வரவில்லை?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் பிள்ளை கேட்டாள். “தூதனே வந்துவிட்டால் தாவீது சுந்தரானந்தத்துக்கு என்ன வேலை?”

தேநீர் போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

மே 6, அதிகாலை 4.50

தூக்கம் வரவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டேன்.

பிள்ளைகள் பிடித்த பிழை இதுதான். மனிதர்கள் செய்ததை நான் தூதன் கையில் கொடுத்துவிட்டேன். நிலம் தேடியது, பணம் புரட்டியது, பயந்த ஜனங்களை ஒன்றுசேர்த்தது, இரவெல்லாம் காவல் இருந்தது, எல்லாம் மனிதர்கள். தாவீது சுந்தரானந்தம் தடிக்கம்பு ஏந்திய ஆட்களைத் திரட்டிக் காவல் நிறுத்தினார் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். உபதேசியார் கையில் வேதம், கூட வருகிறவன் கையில் தடிக்கம்பு. சரியா, தவறா என்று பதினைந்து வயதுப் பிள்ளை இரண்டு நாள் யோசிக்கிற விஷயம். நான் அதைத் தூதனின் வெளிச்சத்தால் மறைத்துவிட்டேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. என் அம்மா வழியில் இடையன்குடி. அங்கே கால்டுவெல் கட்டிய கோயில் 1847-ல் தொடங்கி 1880-ல்தான் பிரதிஷ்டையானது. முப்பத்து மூன்று ஆண்டுகள். பாட்டியின் பாட்டி சிறுமியாகச் சாந்துச் சட்டி சுமக்கப் போய், பிள்ளைகள் பெற்ற பிறகும் அதே கோயிலுக்குச் சாந்து சுமந்தாள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கதையில் ஒரே இரவில் தூதர்கள் கட்டி முடித்ததாக எழுதலாம். பிள்ளைகள் வாயைப் பிளந்து வாசிப்பார்கள். பாட்டியின் பாட்டிக்கு அதில் இடம் இருக்காது.

மே 6, இரவு 8.00

சுரண்டை அண்ணாச்சி, “அப்படியானால் நான் சொன்னதுதானே சரி, மாயமே வேண்டாம்” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. நான் அங்கே போய்ச் சேரவில்லை. தூதன் வரட்டும். வந்து என்ன செய்கிறான் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மே 12, மாலை 5.20

நாசரேத் அண்ணாச்சி ஒருவர், “பிள்ளைகள் கதையில் அரசியல் வேண்டாம், விசுவாசம் போதும்” என்கிறார். முதலூர்க் கதையை எழுதுகிறவர் அதைத் தவிர்க்கவே முடியாது. ஆண்டைப் பாருங்கள். 1799. அதே ஆண்டு அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். போட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. அதே ஆண்டு முதலூருக்கு நிலம் வாங்க உதவியவர் கேப்டன் எவரெட், பாளையங்கோட்டையில் இருந்த கம்பெனி அதிகாரி. பனையேறியின் மகளுக்கு இது தெரியாமல் இருக்குமா? சந்தைக்குக் கருப்புக்கட்டி கொண்டுபோகிற அவளுடைய அப்பா, தூக்குச் செய்தியோடு திரும்பி வருவார். நம்மைக் காப்பாற்றிய கையும் அந்தக் கயிற்றைக் கட்டிய கையும் ஒன்றா என்று அவள் கேட்பாள். கேட்காவிட்டால் அவள் உயிருள்ள பெண் இல்லை. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பியபோது அவளுக்குப் பதினாறு. அந்த இரவு அவள் யாருக்காக ஜெபித்தாள்?

சிலுவைப் போர்க் கதைகளில் எனக்கு ஆகாதது இந்த இடம்தான். தூதன் குதிரையில் வந்து எதிரிப் படையைச் சிதறடிக்கிறான் என்று எழுதினீர்களே. சிதறிய அந்தப் படையில் ஒவ்வொருவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். எழுதியவர் அவளைப் பார்க்கவில்லை. தூதன் ஒரு பக்கம் சேர்ந்துகொண்ட உடனே மறுபக்கத்து மனிதர்கள் எல்லாம் பிசாசுகள் ஆகிவிடுகிறார்கள். பதினைந்து வயதில் அது மனதில் பதிந்தால் பிறகு அழிப்பது கடினம். அண்ணாச்சி, உங்கள் மகளைப் பற்றிப் பயப்பட வேண்டுமானால் பேசுகிற வாளுக்காகப் பயப்படாதீர்கள். இதற்காகப் பயப்படுங்கள்.

மே 13, இரவு 9.10

தேரிக்காட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறார். கை நன்றாக ஓடுகிறது. நிலா வெளிச்சத்தில் செம்மண் தேரி இடம் மாறுவதை எழுதிய பக்கத்தை மூன்று தடவை வாசித்தேன். ஆனால் வில்லனாக யாரை வைத்திருக்கிறார்? சுடலைமாடனை.

தம்பி, எடுத்துவிடுங்கள். உங்கள் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் இருந்தவனுடைய வீட்டுச் சாமி அவர். சாமிக்குக் கொடைத் திருவிழா நடக்கிறபோது அவன் வீட்டில் நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள். அடுத்த வீட்டுக்காரரின் சாமியை அரக்கனாக்கி, வாளால் வெட்டி, அல்லேலூயா போட்டு முடிக்கிற கதை விசுவாசத்தை வளர்க்காது. இந்த வகைக் கதையில் நாட்டார் தெய்வங்கள் வரவே கூடாது என்பது என் கருத்து. முழுவதுமாக விட்டுவிடுவதே மரியாதை.

மே 19, இரவு 7.45

மேலே மே 13-ல் எழுதியதன் கடைசி இரண்டு வாக்கியங்களைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்று பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். வடலிவிளைப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி, “அப்படியானால் முதலூருக்கு வந்த ஜனங்கள் முன்னால் யாரைக் கும்பிட்டார்கள் என்று கதையில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டாள். நியாயம்தானே. 1799-ல் விசுவாசத்துக்கு வந்த பனையேறியின் வீட்டுக்குப் பின்னால் தாத்தா வைத்த பீடம் இருந்திருக்கும். பெற்றவர் அதைவிட்டு நடந்த நாளில் வயிற்றில் என்ன இருந்திருக்கும்? பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மாடன் கோபம்தானோ என்று எத்தனை இரவு விழித்திருப்பார்கள்? நம் முன்னோர் பலர் பழைய பீடம் இருந்த இடத்திலேயே ஜெபவீடு கட்டினார்கள். அந்தப் பயத்தையும் அந்தப் பிரிவையும் எழுதாமல் விடுவது மரியாதை இல்லை, அவர்கள் வாழ்வில் பாதியை வெட்டி எறிவது.

ஆகவே தம்பி, சுடலை வரட்டும். வில்லனாக வேண்டாம். அந்த அப்பாவின் பயமாகவும் பழைய அன்பாகவும் வரட்டும். கொடை மேளமும் கோயில் மணியும் ஒரே ராத்திரியில் கேட்கிற ஊர்கள் நமக்கு இன்றும் உண்டு. இரண்டு சத்தத்தையும் கேட்கிற காது உங்களுக்கு இருக்கிறது, தேரி அத்தியாயத்தில் பார்த்தேன்.

மே 20, காலை 6.30

அதே பேச்சில் விடுபட்டது. வெள்ளைக்கார மிஷனரி ஐயரவர்களை எல்லாம் வெண்தாடி ஞானியாக, கைத்தடியில் ஒளியோடு எழுதாதீர்கள். இந்த வகை நாவல்களில் அப்படி ஒரு கிழவர் கட்டாயம் இருப்பார். நம் ஆட்கள் அந்த இடத்தில் கால்டுவெல்லைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தந்தவர். அவர் காலடியில் விழலாம். 1849-ல் நம் மக்களைத் தாழ்த்தி ஒரு சிறு நூல் எழுதியவரும் அவரே. அது எங்கள் வீட்டுக் கிழவர்களுக்குக் கடைசிவரை ஆறவில்லை. அந்த அவமதிப்பை எதிர்த்த சட்டாம்பிள்ளை, மிஷனிலிருந்து பிரிந்து 1857-ல் பிரகாசபுரத்தில் ஏக இரட்சகர் சபையைத் தொடங்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள், வெள்ளைக்காரர் இல்லாத சபை. இரண்டு பேரும் ஒரே சீமையில், ஒரே காலத்தில், ஒரே கர்த்தரை நம்பி. பதினாறு வயதுப் பையன் ஒருவன் இடையன்குடிக்கும் பிரகாசபுரத்துக்கும் நடுவில் கடிதம் கொண்டு நடக்கிற கதையை யாராவது எழுதுங்கள். அதற்குப் பேசும் வாள் வேண்டியதில்லை.

மே 26, இரவு 10.40

வடக்கன்குளம் பற்றி ஒரு பெண் எழுதிய சிறுகதையை இன்று வாசித்தோம். அந்தக் கோயிலின் பழைய அமைப்பு தெரியுமல்லவா? ஒரே பீடம், இரண்டு கிளைகள், சாதிக்கு ஒரு பக்கம்; கால்சட்டைக் கோயில் என்றே பெயர் விழுந்தது. நடுவில் சுவர். கதையின் முடிவில் திருவிழா இரவில் இடி விழுந்து சுவர் தானாகப் பிளக்கிறது. இரு பக்கத்தாரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள்.

எங்கள் வேப்பமரத்தடியே அமைதியாகிவிட்டது. எழுதிய பிள்ளைக்கு நல்ல மனம். ஆனால் மே 5-ல் என்னிடம் கேட்ட அதே பெண்தான் கேட்டாள். “இடி விழுந்ததா, இடித்தார்களா?”

இடித்தார்கள். 1910-ல் மனிதர்கள் கடப்பாரை எடுத்து இடித்தார்கள். பிரிவினை வேண்டும் என்றவர்கள் சும்மா இருக்கவில்லை, உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். இடி விழுந்தது என்று எழுதினால் சுவர் எழுப்பியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள், இடித்தவர்களும் மறைந்துபோகிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளை வாசித்துவிட்டு, அடுத்த சுவருக்கும் இடி வரும் என்று உட்கார்ந்திருப்பாள். அந்தச் சுவர்கள் இன்னும் எங்கே இருக்கின்றன என்று இங்கே நான் சொல்ல வேண்டியதில்லை. திருமணப் பேச்சு நடக்கிற எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்தால் தெரியும்.

கடைசியில் அந்தப் பிள்ளையே ஒரு வழி சொன்னாள். இடியை எடுத்துவிடுகிறாள். முதல் கடப்பாரை விழுந்தபோது, சுவரின் காரைக்குள் ஆண்டாண்டாக அடைபட்டிருந்த பாட்டுச் சத்தம் வெளியே வருகிறது. இரு பக்கத்திலும் பாடிய ஒரே பாட்டு. இடித்தவன் மட்டும் கேட்கிறான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. அங்கே மாயம் யாருடைய வேலையையும் பறிக்கவில்லை.

ஜூன் 2, மாலை 4.00

அந்தப் பாட்டுச் சத்தம் ஒரு வாரமாக என்னை விடவில்லை. மே 6-ல் விட்ட இடத்துக்கு அதுதான் என்னைக் கொண்டுவந்தது.

புது ஐந்தாம் அத்தியாயம் எழுதிவிட்டேன். தூதன் வருகிறான். பந்தத்தை அணைப்பதில்லை, வாளும் இல்லை. விடிலிக்குள் பதநீர் கொதிக்கிற ஆவியில் பனையேறியின் மகள் அவனைப் பார்க்கிறாள். அவன் விஜயராமபுரத்திலிருந்து வருகிறான். அங்கேயும் இருந்தேன் என்கிறான். அப்படியானால் ஏன் தடுக்கவில்லை என்று அவள் அகப்பையை ஓங்கிக்கொண்டு கேட்கிறாள். அவன் பதில் சொல்வதில்லை. அங்கே அடிபட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான், அவள் கேட்டுக் கேட்டுப் பனையோலையில் கீறுகிறாள். எழுதத் தெரியாத பிள்ளை, அந்த இரவில் எழுதக் கற்கிறாள். வெளியே தடிக்கம்போடு நிற்பவர்கள் மனிதர்கள். விடியும்வரை நிற்பவர்களும் மனிதர்கள்.

எட்டாம் வகுப்புப் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். அவனுடைய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்றான். எனக்கும் வரவில்லை என்றேன். “ஆனால் இந்தத் தூதன் பரவாயில்லை” என்றான்.

இந்த நாவலின் பழைய வடிவத்தை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருந்தேன். அதிசயங்களைக் கூட்டுங்கள், பெயர்ப் பட்டியல் பிள்ளைகளுக்கு அலுக்கும் என்று திருப்பி அனுப்பினார்கள். அதை நம்பித்தான் முதலில் அந்தப் பனை உயரத் தூதனை எழுதினேன். பிள்ளைகளுக்கு அலுக்கவில்லை. நோட்டைப் பிடுங்கி வாசித்தார்கள்.

சுரண்டை அண்ணாச்சியின் முதல் பயத்துக்கும் இதில் ஒரு வழி வைத்திருக்கிறேன். நாவலின் கடைசியில் நான்கு பக்கம்: எது நடந்தது, எந்த ஊரில், எந்த ஆண்டில், எது நான் சேர்த்தது. தூதனையும் விடிலியையும் நான் சேர்த்தேன். முதலூரும் தாவீது சுந்தரானந்தமும் இருந்தவர்கள். பிள்ளைகளிடம் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அவர்கள் குழம்புவதில்லை. ஒளித்தால்தான் குழம்புகிறார்கள். ஆங்கிலத்தில் நல்ல சரித்திர நாவல்கள் பலவற்றில் இப்படி ஒரு பின்குறிப்பு உண்டு. மகளிடம் கேட்டுப் பாருங்கள், அவள் அதையும் வாசித்திருப்பாள்.

ஜூன் 4, காலை 5.55

கேட்டீர்களா! வாசித்திருக்கிறாளாம். பின்குறிப்பைத்தான் முதலில் வாசிப்பாளாம். எனக்கு நிம்மதி.

விடுமுறையில் டோனாவூருக்கும் கூட்டிப் போயிருக்கிறீர்கள். அந்த ஊரை ரேனியஸ் ஐயர் 1827-ல் ஏற்படுத்தினார். பணம் தந்த டோனா பிரபுவின் பெயர்தான் ஊர்ப்பெயர். 1901-ல் இந்துக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி ஓடிவந்து, பின்னாளில் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையிடம் சேர்ந்தாள். அந்தச் சிறுமியின் ஓட்டத்தை எழுத உங்கள் மகள் ஆசைப்படுகிறாள் என்றால் எழுதட்டும். அம்மையின் கல்லறையில் பெயர்ப்பலகை இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்கிற கல்தொட்டியில் “அம்மை” என்று மட்டும் இருக்கிறது. அந்தத் தொட்டிக்கு வருகிற பறவை பேசலாம். அதை நான் ஒத்துக்கொள்வேன். ஓடியது அந்தப் பிள்ளையின் கால்களாக இருக்கட்டும்.

ஜூன் 9, இரவு 9.30

மகளே, அப்பா வழியாக நீ அனுப்பிய ஆறு பக்கமும் கிடைத்தது. நாளை பள்ளி திறக்கிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டோனாவூரை விட்டுவிட்டு உன் அப்பாவின் ஆச்சி ஊரை எடுத்துக்கொண்டது நல்லது. அந்த ஆச்சி பேசுகிற இடங்களில் ஒரு சொல்லையும் மாற்றாதே. உபதேசியார் பிரசங்கம் இரண்டாம் பக்கம் முழுவதும் ஓடுகிறது, மூன்று வரி போதும். பேசுகிற மரங்கொத்தியை வைத்துக்கொள். அது ஆச்சிக்கு வழி காட்டவில்லை, அவள் போன வழியைத் திருப்பிச் சொல்கிறது, அதுதான் அழகு.

ஒரு பிழை இருக்கிறது. நான்காம் பக்கத்தில் ஐப்பசி மழை கொட்டுகிறது. அதே பக்கத்தில் விடிலியில் பதநீர் காய்கிறது. ஐப்பசியில் பனை சீவமாட்டார்கள். மழை வேண்டுமானால் விடிலியை மூடி, ஆச்சியைப் போன வருஷத்துக் கருப்புக்கட்டியை எண்ணவை. விடிலி வேண்டுமானால் கதையைச் சித்திரைக்குக் கொண்டுபோ. எது என்று உன் தாத்தாவிடம் கேட்டு, அடுத்த ஞாயிறுக்குள் எழுதி அனுப்பு.